மெடிக்கலில் வாங்கும் சளி, தும்மல் மாத்திரைகள்: பாதுகாப்பாகப் பயன்படுத்த முழுமையான வழிகாட்டி

"அண்ணே, காலையிலிருந்து ஒரே தும்மல், மூக்கடைப்பு. ரெண்டு வேளைக்கு மாத்திரை குடுங்க." எந்த ஊர் மெடிக்கலில் போய் நின்றாலும் கொஞ்ச நேரத்தில் இந்தக் குரல் கேட்கும். கடைக்காரர் நாலு டப்பாவைத் திறந்து, நாலு அட்டையிலிருந்து ஒவ்வொன்றாக வெட்டி, சின்னக் காகித உறையில் போட்டு நீட்டுவார். உள்ளே என்ன இருக்கிறது என்று வாங்கியவருக்குத் தெரியாது. வீட்டில் யாராவது கேட்டாலும் "சளி மாத்திரை" என்பதற்கு மேல் சொல்ல முடியாது.

என் அப்பா 68 வயதில் அப்படி ஒரு செட் வாங்கிப் போட்டார். அன்று இரவே சிறுநீர் அடைத்துக்கொண்டது. அடிவயிறு உப்பி வலியில் துடித்தவரை ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினோம். குழாய் போட்டுத்தான் சிறுநீரை எடுத்தார்கள். அங்கிருந்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "சளிக்கு ஏதாவது மாத்திரை போட்டாரா?" என்பதுதான். போட்டார். என்ன மாத்திரை? எங்கள் யாருக்கும் தெரியவில்லை. அப்பாவுக்குப் புராஸ்டேட் வீக்கம் இருந்தது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சாதாரணச் சளி மாத்திரைக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்பதுதான் தெரியாமல் போயிற்று.

அதன்பிறகு இந்த மருந்துகளைப் பற்றிக் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை, கடைக்குப் போவதில் தொடங்கி வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: பெயர் தெரியாத மாத்திரையை வாங்காதீர்கள்

பல நாடுகளில் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கலாம் என்று அரசே ஒதுக்கிவைத்த மருந்துப் பட்டியல் ஒன்று இருக்கும். இந்தியச் சட்டத்தில் அப்படித் தனிப் பிரிவு கிடையாது. அலர்ஜி மருந்துகள் பலவும் 'ஜி' அட்டவணையில் வருகின்றன. மருத்துவரின் கண்காணிப்பு இல்லாமல் எடுப்பது ஆபத்து என்று மேலட்டையிலேயே எச்சரிக்கை அச்சிட வேண்டிய வகை அது. ஆக, கடையில் கேட்டதும் கிடைக்கிறது என்பதாலேயே அது யாருக்கும் ஒன்றும் செய்யாத மருந்து என்று ஆகிவிடாது.

உதிரி மாத்திரைச் செட்டில் எனக்கு அதிகப் பயம் தருவது அதில் சில நேரம் கலந்துவரும் சின்ன ஸ்டீராய்டு மாத்திரை. டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் போன்றவை. அதைப் போட்டால் மூக்கும் உடம்பும் சட்டென்று லேசாகிவிடும், "அந்தக் கடை மாத்திரை கேட்கும்" என்று பெயரும் வந்துவிடும். ஆனால் சர்க்கரை நோயாளிக்கு அதே மாத்திரை சர்க்கரையை எகிறவைக்கும். அடிக்கடி போட்டால் உடம்பு தானாகச் சுரக்க வேண்டிய ஸ்டீராய்டு குறைந்துபோகும்.

எனவே கடையில் இப்படிக் கேளுங்கள்: "செட் வேண்டாங்க. ஒரே மாத்திரையாகக் கொடுங்க, பெயர் தெரியற மாதிரி வெட்டிக் கொடுங்க." மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் பெரும்பாலும் அட்டையின் ஒரு பக்கத்தில்தான் அச்சாகியிருக்கும். வெட்டும்போது அது கடைக்காரர் கையிலேயே தங்கிவிடும். முழு அட்டையாக வாங்கினாலும் பெரிய செலவில்லை. இல்லையென்றால் வெட்டுவதற்கு முன் பின்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 2: சளியா, அலர்ஜியா?

இரண்டிலும் மூக்கு ஒழுகும், அடைக்கும். ஆனால் அலர்ஜியில் அரிப்பு இருக்கும். மூக்கு, கண், மேலண்ணம், காதுக்குள் என்று எங்கேயாவது அரிக்கும். தும்மல் ஒன்று இரண்டாக வராமல் தொடர்ச்சியாகப் பத்து, பதினைந்து வரும். ஒழுகுவது தண்ணீர் மாதிரி இருக்கும். காய்ச்சல் வராது. காலையில் படுக்கையை உதறும்போதோ, பொங்கலுக்கு முன் பரணைச் சுத்தம் செய்யும்போதோ, பழைய கம்பளியை எடுக்கும்போதோ தொடங்கும்.

வைரஸ் சளியில் தொண்டைக் கரகரப்பு, உடம்பு வலி, லேசான காய்ச்சல் இருக்கும். பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் தானே அடங்கிவிடும். வைரஸ் சளிக்கு செட்டிரிசின் போன்ற அலர்ஜி மாத்திரை பெரிதாக ஒன்றும் செய்யாது, ஆன்டிபயாடிக் எதுவுமே செய்யாது. சளி பச்சையாகவோ மஞ்சளாகவோ வந்தால் உடனே அசித்ரோமைசின் வாங்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். நிறம் மாறுவது சாதாரணச் சளியிலும் நடப்பதுதான். அட்டையில் சிவப்புக் கோடு போட்ட மருந்துகள் எதையும் டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கவே வேண்டாம்.

படி 3: அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள்

முன்பக்கம் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். பின்பக்கம் சின்ன எழுத்தில் இருப்பதுதான் மருந்து. சளி மாத்திரை என்று விற்பவற்றில் பெரும்பாலும் மூன்று சரக்குகள் சேர்ந்திருக்கும்.

முதலாவது பாராசிட்டமால். காய்ச்சல், வலிக்கு. 325 அல்லது 500 மி.கி. இருக்கும்.

இரண்டாவது அலர்ஜி மருந்து. குளோர்பெனிரமின் 2 மி.கி. அல்லது செட்டிரிசின் 5 மி.கி. மாதிரி.

மூன்றாவது மூக்கடைப்பைத் திறக்கும் மருந்து. பெரும்பாலும் ஃபினைல்எஃப்ரின் 5 அல்லது 10 மி.கி.

இந்த மூன்று பெயர்களைக் கண்டுபிடிக்கத் தெரிந்துவிட்டால் பாதி ஆபத்து குறைந்துவிடும். உங்களுக்குத் தும்மல் மட்டும்தான் என்றால் பாராசிட்டமாலும் ஃபினைல்எஃப்ரினும் எதற்கு? தேவையான ஒன்றை மட்டும் தனி மாத்திரையாக வாங்குங்கள். மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம் போன்ற இடங்களில் மூலப்பெயரிலேயே கேட்டு வாங்கலாம், விலையும் குறைவு.

இரட்டிப்பு நடப்பதும் இங்கேதான். சளி மாத்திரையில் பாராசிட்டமால் இருப்பது தெரியாமல், காய்ச்சலுக்கு என்று தனியாக 650 மாத்திரையும் போடுவார்கள். ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 4,000 மி.கி. உச்ச வரம்பு. ஒல்லியானவர், வயதானவர், தினமும் குடிப்பவர் என்றால் இன்னும் குறைவு. வரம்பு தாண்டினால் அடி வாங்குவது கல்லீரல், அதுவும் முதல் நாளில் பெரிய அறிகுறி எதுவும் காட்டாமல்.

படி 4: அலர்ஜி மாத்திரையில் எதைத் தேர்ந்தெடுப்பது?

பழைய தலைமுறை, புதிய தலைமுறை என்று இரண்டு வகை. நம் வீடுகளில் எறும்புக் கடிக்கும், பூச்சிக் கடிக்கும், தடிப்புக்கும் எடுத்துப் போடும் அவில் பழைய தலைமுறை. அதில் இருப்பது பெனிரமின். குளோர்பெனிரமின், டைஃபென்ஹைட்ரமின், புரோமெத்தசின் எல்லாம் இதே குடும்பம்தான். இவை மூளைக்குள் எளிதாகப் புகுந்துவிடும், அதனால்தான் அந்தத் தூக்கம். குளோர்பெனிரமினின் அளவு இரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். இரவு போட்டுவிட்டுத் தூங்கினாலும் காலையில் வண்டி ஓட்டும்போது கொஞ்சம் மிச்சம் இருக்கும். வாய் உலரும், மலச்சிக்கல் வரும், சிறுநீர் இறங்கத் தயங்கும். வயதானவர்களுக்கு மனக் குழப்பமும் தடுமாறி விழுவதும் வரலாம். முதியவர்கள் கூடுமானவரை தவிர்க்க வேண்டியவை என்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் வெளியிடும் பட்டியலில் இந்தக் குடும்பம் பல வருடங்களாக இருக்கிறது. 60 தாண்டியவர்களுக்கு நாமாக இதை வாங்கிக் கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

புதிய தலைமுறையில் செட்டிரிசின், லீவோசெட்டிரிசின், லோராடடின், ஃபெக்சோஃபெனடின் இருக்கின்றன. பெரியவர்களுக்கு வழக்கமான அளவு செட்டிரிசின் 10 மி.கி., லீவோசெட்டிரிசின் 5 மி.கி., லோராடடின் 10 மி.கி., மூக்கு அலர்ஜிக்கு ஃபெக்சோஃபெனடின் 120 மி.கி. எல்லாமே ஒரு நாளைக்கு ஒரு முறைதான். ஒரு மாத்திரை கேட்கவில்லை என்று இரண்டாவதைப் போட்டால் தூக்கம்தான் கூடும்.

இவற்றில் தூக்கம் அதிகம் தருவது செட்டிரிசின். 'தூக்கம் வராத மாத்திரை' என்று சொல்லிக் கொடுத்தாலும் சிலருக்கு நன்றாகவே அசத்திவிடும். முதல் முறை போடுபவர்கள் இரவில் போட்டுப் பார்த்து, மறுநாள் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள். லாரி, பஸ், ஆட்டோ ஓட்டுபவர்கள், மெஷினில் நிற்பவர்கள், உயரத்தில் வேலை செய்பவர்கள் டாக்டரிடம் கேட்டு ஃபெக்சோஃபெனடினுக்கு மாறுவது நல்லது. அதைத் தண்ணீரில்தான் விழுங்க வேண்டும். ஆரஞ்சு, ஆப்பிள் ஜூஸோடு போட்டால் உடம்பில் ஏறும் மருந்தின் அளவு குறைந்துவிடும். அலுமினியம், மெக்னீசியம் கலந்த அல்சர் மருந்தையும் அதே நேரத்தில் குடிக்க வேண்டாம். எந்த அலர்ஜி மாத்திரை போட்டாலும் அன்று மது கூடாது.

இன்னொன்று. செட்டிரிசினில் கண்ணாடிப் பிம்பம் போல இரண்டு வடிவங்கள் கலந்திருக்கின்றன. அதில் வேலை செய்யும் பாதியைத் தனியாகப் பிரித்தெடுத்ததுதான் லீவோசெட்டிரிசின். டாக்டர் எழுதியது ஒன்று, கடையில் வாங்கியது இன்னொன்று என்று இரண்டையும் சேர்த்துப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது ஒரே மருந்தை இரண்டு மடங்கு போடுவதுதான்.

மாதக்கணக்கில் தினமும் செட்டிரிசின் போடுபவர்களுக்கு ஒரு செய்தி. திடீரென்று நிறுத்தியதும் சிலருக்கு உடம்பெல்லாம் கடுமையான அரிப்பு வருவதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025 மே மாதம் எச்சரித்தது. அரிப்பு வந்ததும் "நோய் திரும்பிவிட்டது" என்று மறுபடி தொடங்குவார்கள். அப்படி இருந்தால் டாக்டரிடம் சொல்லி மெதுவாகக் குறையுங்கள்.

லீவோசெட்டிரிசினோடு மான்டெலூகாஸ்ட் சேர்ந்த மாத்திரையை இப்போது பலர் கடையில் தாங்களாகவே கேட்டு வாங்குகிறார்கள். வேண்டாம். மான்டெலூகாஸ்ட் சிலருக்குக் கெட்ட கனவு, எரிச்சல், மனச்சோர்வு, தற்கொலை எண்ணம்வரை கொண்டுவரலாம் என்று அதே அமைப்பு 2020-ல் தன் உச்சக்கட்ட எச்சரிக்கையை வெளியிட்டிருக்கிறது. டாக்டர் எழுதிக் கொடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாலும், குறிப்பாகக் குழந்தைகள், இளைஞர்கள் என்றால் வீட்டில் இருப்பவர்கள் நடத்தையைக் கவனிக்க வேண்டும்.

படி 5: மூக்கடைப்பு மாத்திரை உண்மையில் வேலை செய்கிறதா?

மூக்கு அடைப்பது சளி நிரம்பியதால் மட்டும் அல்ல. உள்சவ்வில் இருக்கும் இரத்தக் குழாய்கள் வீங்குவதுதான் முக்கியக் காரணம். அந்தக் குழாய்களைச் சுருக்குவதே இந்த மருந்துகளின் வேலை. வாய் வழியாகப் போட்டால் மூக்கில் மட்டும் சுருங்கச் சொல்ல முடியாது, உடம்பு முழுக்கப் போகும். பி.பி. ஏறும், படபடப்பு வரும், தூக்கம் கெடும்.

இந்த வகையில் முன்பு எல்லா வீட்டிலும் புழங்கிய ஃபினைல்புரோப்பனோலமினை 2011-ல் இந்தியா தடை செய்தது. மூளையில் இரத்தக் கசிவோடு தொடர்புபடுத்தி அமெரிக்கா 2000-லேயே அதை விலக்கச் சொல்லியிருந்தது. இப்போது பெரும்பாலான சளி மாத்திரைகளில் இருக்கும் ஃபினைல்எஃப்ரினின் கதை வேறு. அது குடலிலும் கல்லீரலிலுமே பெருமளவு சிதைந்துவிடுகிறது, மூக்குக்குப் போய்ச் சேருவது கொஞ்சம்தான். 2023 செப்டம்பரில் அமெரிக்க நிபுணர் குழு ஒன்று, வாய்வழி ஃபினைல்எஃப்ரின் மூக்கடைப்புக்குப் பயன்படுவதற்குச் சான்று இல்லை என்று ஒருமனதாக வாக்களித்தது. 2024 நவம்பரில், டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கும் மூக்கடைப்பு மருந்துகளின் பட்டியலிலிருந்தே அதை நீக்க அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு முன்மொழிந்தது. பலன் இவ்வளவு குறைவாக இருக்கும்போது பி.பி. நோயாளி ஒருவர் அதை ஏன் விழுங்க வேண்டும்?

படி 6: மூக்குச் சொட்டு மருந்து, நாள் கணக்கை மறக்காதீர்கள்

சைலோமெட்டசோலின், ஆக்ஸிமெட்டசோலின் சொட்டுகள் நன்றாக வேலை செய்யும். ஐந்து, பத்து நிமிடத்தில் மூக்கு திறக்கும். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. தொடர்ந்து போட்டால், மருந்து இறங்கியதும் குழாய்கள் முன்பைவிட அதிகமாக வீங்கும். அதைத் திறக்க மறுபடி சொட்டு வேண்டும். இப்படியே வருடக்கணக்கில், சட்டைப் பையில் பாட்டில் இல்லாமல் வெளியே போக முடியாதவர்கள் இருக்கிறார்கள். தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குவார்கள்.

மூன்று நாள் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எப்படியிருந்தாலும் ஐந்து நாளைத் தாண்ட வேண்டாம். பாட்டிலைத் திறந்த தேதியைப் பேனாவால் அதன் மேலேயே எழுதுங்கள். ஒரே பாட்டிலை வீட்டில் எல்லோரும் மூக்கில் வைக்காதீர்கள், கிருமி பரவும்.

ஏற்கெனவே பழகிவிட்டவர்கள் ஒரு வழியை முயலலாம். முதலில் ஒரு பக்க மூக்கில் மட்டும் நிறுத்துங்கள். அந்தப் பக்கம் தானாகத் திறக்கத் தொடங்கியதும் மறுபக்கத்தையும் நிறுத்துங்கள். ஒன்றிரண்டு வாரம் கஷ்டமாகத்தான் இருக்கும். காது, மூக்கு, தொண்டை டாக்டரிடம் போனால் அந்த நாட்களைக் கடக்க ஸ்டீராய்டு ஸ்ப்ரே கொடுப்பார்.

ஸ்டீராய்டு என்றதும் பயப்பட வேண்டாம். ஃப்ளூட்டிகசோன், மொமெட்டசோன் ஸ்ப்ரேயில் அளவு மிகக் குறைவு, மூக்கிலேயே வேலை முடிந்துவிடும். நாள்பட்ட மூக்கு அலர்ஜிக்கு மாத்திரையைவிட இதுதான் நன்றாகக் கேட்கும். ஆனால் சொட்டு மருந்து மாதிரி உடனே திறக்காது. முழுப் பலன் தெரிய ஒன்று, இரண்டு வாரம் தினமும் அடிக்க வேண்டும். தலையை அண்ணாந்து அடித்தால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். லேசாகக் குனிந்து, வலது மூக்குக்கு இடது கையாலும் இடது மூக்குக்கு வலது கையாலும் பிடித்து, நுனியை நடுத்தண்டுக்கு எதிர்ப்பக்கமாக, காதை நோக்கிச் சாய்த்து அடியுங்கள். நடுத்தண்டில் அடித்துக்கொண்டே இருந்தால் இரத்தம் கசியும்.

படி 7: யார் டாக்டரைக் கேட்காமல் போடவே கூடாது?

பி.பி., இதய நோய், தைராய்டு அதிகமாகச் சுரப்பவர்கள்: மூக்கடைப்பு மாத்திரை கூடாது, சொட்டுகூட கேட்ட பிறகுதான்.

புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்கள்: பழைய தலைமுறை அலர்ஜி மருந்தும் மூக்கடைப்பு மருந்தும் இரண்டுமே சிறுநீரை அடைக்கும். சளி மாத்திரையில் இரண்டும் ஒன்றாகவே இருக்கும். என் அப்பாவுக்கு நடந்தது இதுதான்.

கண் அழுத்த நோயில் குறுகிய கோண வகை இருப்பவர்களுக்கு இதே மருந்துகளால் கண்ணில் அழுத்தம் சட்டென்று ஏறிப் பார்வையே போகலாம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் செட்டிரிசினும் ஃபெக்சோஃபெனடினும் உடம்பிலேயே தங்கும், அளவைக் குறைக்க வேண்டும். தூக்க மாத்திரை, வலிப்பு மாத்திரை, மன நோய்க்கான மருந்து எடுப்பவர்கள் அந்தச் சீட்டைக் காட்டிக் கேளுங்கள். லினிசோலிட் என்ற ஆன்டிபயாடிக் போடும்போது மூக்கடைப்பு மருந்து சேர்ந்தால் பி.பி. ஆபத்தான அளவுக்கு ஏறலாம்.

கர்ப்பிணிகள், குறிப்பாக முதல் மூன்று மாதத்தில், மூக்கடைப்பு மாத்திரையைத் தொட வேண்டாம். லோராடடின், செட்டிரிசின் போன்றவற்றை டாக்டர்கள் எழுதுவது உண்டு. ஆனால் அந்த முடிவு அவர்களுடையது. சூடோஎஃபெட்ரின் என்ற இன்னொரு மூக்கடைப்பு மருந்து தாய்ப்பால் சுரப்பைக் குறைக்கும் என்பதால் பால் கொடுக்கும் அம்மாக்களும் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும்.

படி 8: குழந்தை என்றால் இன்னும் கறாராக இருங்கள்

2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட கோல்ட்ரிஃப் சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்த மாதிரியில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு 48.6 சதவீதம் இருந்தது. அனுமதிக்கப்பட்ட வரம்பு 0.1 சதவீதம்தான். அந்தக் குழந்தைகளில் பலருக்கும் வந்தது சாதாரணச் சளி, காய்ச்சல். அதை நினைத்தால் இன்னமும் மனசு ஆறவில்லை.

நச்சு கலந்த சிரப் எது என்று வீட்டில் பார்த்துக் கண்டுபிடிக்க நம்மால் முடியாது. தேவையில்லாத சிரப்பைக் கொடுக்காமல் இருப்பது மட்டும் நம் கையில் இருக்கிறது. அப்போது மத்திய அரசின் சுகாதாரச் சேவை இயக்ககம் 2 வயதுக்குக் கீழ் இருமல், சளி மருந்துகளை எழுதவே கூடாது, 5 வயதுக்குக் கீழ் பொதுவாகப் பரிந்துரைக்கக் கூடாது என்று அறிவுறுத்தியது. அதற்கு முன்பே, 2023 டிசம்பரில், குளோர்பெனிரமினும் ஃபினைல்எஃப்ரினும் சேர்ந்த மருந்தை 4 வயதுக்குக் கீழ் தரக் கூடாது என்று அதன் மேலட்டையில் அச்சிட உத்தரவு வந்தது. வீட்டு அலமாரியில் பழைய பாட்டில் இருந்தால் இன்றே பாருங்கள்.

பயணத்தில் குழந்தை அழாமல் தூங்கட்டும் என்று புரோமெத்தசின் சிரப் கொடுக்கும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. 2 வயதுக்குக் கீழ் அதைக் கொடுத்தால் மூச்சே ஒடுங்கலாம். பெரியவர்களின் மூக்குச் சொட்டையும் குழந்தைக்குப் போடாதீர்கள். குழந்தை அதை விழுங்கிவிட்டால் மயக்கம் வரும், இதயத் துடிப்பு குறையும். உப்புநீர்ச் சொட்டும் இதுவும் பார்க்க ஒரே மாதிரிப் பாட்டிலில் வரும், பெயரைப் படித்துவிட்டு எடுங்கள்.

டாக்டர் சிரப் எழுதினால் அதனுடன் வரும் அளவு மூடியாலோ சிரிஞ்சாலோதான் அளக்க வேண்டும். சமையலறை ஸ்பூன் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. சிரப் வேறு, டிராப்ஸ் வேறு என்பதும் முக்கியம். பாராசிட்டமால் டிராப்ஸில் பொதுவாக 1 மி.லி.யிலேயே 100 மி.கி. இருக்கும். சிரப் என்று நினைத்து 5 மி.லி. ஊற்றினால் 500 மி.கி. போய்விடும்.

அப்புறம் நம் வீட்டு வைத்தியம் ஒன்று. தேங்காய் எண்ணெயில் கற்பூரம் காய்ச்சி நெஞ்சில் தேய்ப்பது. பாட்டி அன்போடு செய்வதுதான், ஆனால் கற்பூரம் தோல் வழியாகவும் உள்ளே போகும், வலிப்பு வரவழைக்கும். 2 வயதுக்குக் கீழ் வேண்டவே வேண்டாம். "அது மருந்தில்லம்மா, இந்த வயசுக்கு ஆகாதாம், டாக்டர் சொன்னாங்க" என்று பக்குவமாகச் சொல்லிப் பாருங்கள், கேட்பார்கள்.

படி 9: மாத்திரைக்கு முன் இவற்றைச் செய்யுங்கள்

அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு சிட்டிகை சமையல் சோடா கலந்து மூக்கைக் கழுவினால் அலர்ஜி தூண்டும் தூசு வெளியேறும், அடைப்பும் குறையும். கொதிக்கவைக்காத குழாய்த் தண்ணீரோ கிணற்றுத் தண்ணீரோ கூடாது. மூக்கு வழியாக மூளைக்கு ஏறும் அமீபா தொற்று பக்கத்துக் கேரளத்தில் 2024-லும் 2025-லும் உயிர்களைப் பறித்திருக்கிறது.

படுக்கை விரிப்பு, தலையணை உறையை வாரம் ஒரு முறை சுடுநீரில் துவைப்பதும், இலவம்பஞ்சு மெத்தையை அறைக்குள் உதறாமல் வெளியே கொண்டுபோய் வெயிலில் போடுவதும் தூசுப்பூச்சியைக் குறைக்கும். ஆவி பிடிப்பது பெரியவர்களுக்கு இதமாக இருக்கும். கொதிக்கிற பாத்திரத்தின் முன் குழந்தையைப் போர்வைக்குள் உட்காரவைப்பது மட்டும் வேண்டாம், வெந்நீர் கொட்டிய காயங்கள் ஏராளம்.

படி 10: எப்போது டாக்டரிடம் ஓட வேண்டும்?

மூச்சுத் திணறல், தொண்டை இறுகுவது, நாக்கோ உதடோ வீங்குவது, உடம்பெல்லாம் தடித்து மயக்கம் வருவது, இவற்றில் எது வந்தாலும் அவில் போட்டுக் காத்திருக்காதீர்கள். அதற்கு அட்ரினலின் ஊசி வேண்டும், 108-ஐக் கூப்பிடுங்கள். மயக்கமாக இருந்தால் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு வாங்கினால் சாய்ந்து உட்காரட்டும்.

அவ்வளவு அவசரமில்லை, ஆனால் காட்டியாக வேண்டியவை: மூன்று நாளைத் தாண்டிய காய்ச்சல், பத்து நாளுக்கு மேல் குறையாத சளி, முகத்தில் ஒரு பக்கம் மட்டும் கடும் வலி, மூக்கின் ஒரு பக்கத்தில் மட்டும் இரத்தமோ நாற்றமோ, இரவில் விசில் சத்தத்தோடு இருமல். வருடத்தில் பாதி நாள் அலர்ஜி மாத்திரையோடு ஓடுகிறது என்றாலும் போங்கள், எதனால் என்று தோல் சோதனை செய்து பார்க்கலாம். சோதனைக்கு ஏறக்குறைய ஒரு வாரம் முன்பே அலர்ஜி மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள். இல்லையென்றால் முடிவு தவறாக வரும்.

போகும்போது போட்ட மாத்திரையின் அட்டையையும் எடுத்துக்கொண்டு போங்கள், காலியானதாக இருந்தாலும். மாத்திரையால் ஏதாவது ஆனது என்று தோன்றினால் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் நாமே புகார் சொல்லலாம். மருந்துகளின் பக்க விளைவைக் கண்காணிக்கும் தேசியத் திட்டத்தின் எண் அது. அவர்களும் முதலில் கேட்பது மருந்தின் பெயரைத்தான்.